முத்திரையாரும் சர்ரக் உறையும்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. எடை போட்டே சொல்லிவிடுகிறேன்: பதினெட்டு கிராம். ஒரு கிராம் கூடாது, ஒரு கிராம் குறையாது. ஆனால் கேட்டவுடன் எடுத்துக் கொடுத்துவிட மாட்டேன். முதலில் ஒரு சாணைக்கல்லைப் பற்றிக் கேட்க வேண்டும். பிறகு ஒரு பிரேக்கைப் பற்றி. அதற்கப்புறம் ஏராளமான பீன்ஸைப் பற்றி. நடுவில் சிரிப்பு வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். அது இது அல்ல.

கதாநாயகர் முத்திரையார். பெற்றோர் வைத்த பெயர் வேறு. கடைத்தெரு வைத்த பெயர் இது. கடை கடையாகப் போய், தராசும் எடைக்கல்லும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று சோதித்து, கம்பியும் ஈயமும் வைத்து முத்திரை குத்துகிற ஆய்வாளர். தெருமுனையில் அவர் தலை தெரிந்தால் வியாபாரிகள் தராசைத் துடைப்பார்கள். தராசு சரியில்லாதவர்கள் நெற்றியைத் துடைப்பார்கள். எதையும் நம்பாத மனிதர். ஒருமுறை டாக்டரிடம் போய் எடை பார்க்கும் மெஷினில் ஏறி நின்றார். முள் எண்பத்தாறில் நின்றது. இறங்கினார். நோயாளியை விட்டுவிட்டு மெஷினைத்தான் பரிசோதித்தார்.

அப்பேர்ப்பட்டவருக்கு வீட்டில் ஒரே ஒரு வேலை. கத்தி தீட்டுவது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி ஆனதும் பின்பக்கப் படிக்கட்டில் ஒரு ஈரத்துணி விரியும். அதன்மேல் சாணைக்கல் அமரும். பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர், ஒரு ரேடியோ, ஒரு தலையணை. (தலையணை எதற்கு என்று கேட்காதீர்கள். முதுகுக்கு என்று சொல்லுவார்.) வீட்டில் இருப்பவை நாலே நாலு கத்தி. அந்த நாலையும் தீட்டி முடிக்க அவருக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். அந்த இரண்டரை மணி நேரமும் வீடு இடிந்து விழுந்தாலும் அவரை யாரும் கூப்பிடக் கூடாது.

"என்னங்க, ஃபேன்ல தூசி அப்பிக் கிடக்கு..."

"கத்தி தீட்டறேன்ல!"

"என்னங்க, குளியலறைக் குழாய் ஒழுகுது..."

"கத்தி தீட்டறேன்ல!"

"என்னங்க, எங்க சித்தி லைன்ல இருக்காங்க, உங்ககிட்ட ஒரு வார்த்தை..."

"கத்தி தீட்டறேன்னு சொல்லு!"

இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அந்த ஒரு வாக்கியம் அவரை எத்தனை ஒட்டடையிலிருந்தும் எத்தனை சித்திகளிடமிருந்தும் காப்பாற்றியது என்று கணக்கே கிடையாது. கத்தி கூராக இருந்ததா என்றால், இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். எதிர் வீட்டு டெய்லரக்காகூடத் தன் பெரிய கத்திரிக்கோலை அவரிடம்தான் தீட்டக் கொடுப்பார்.

இனி பிரேக்.

முத்திரையாரின் மனைவி டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் கற்றவர்கள், மீதிப் பேர் அந்தப் பாதிப் பேருக்கு வழிவிட்டு ஒதுங்கியவர்கள். எல்லோருக்கும் அவர் 'மேடம்'. நமக்கும் அப்படியே இருக்கட்டும்.

பயிற்சிக் காரில் ஒரு விசேஷம் உண்டு. பக்கத்து சீட்டின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவருக்கு ஸ்டியரிங், ஹாரன், பெருமை, பரபரப்பு எல்லாம். மேடத்துக்கு அந்த ஒரே ஒரு பிரேக். 'நான்தான் ஓட்டறேன்' என்று எதிராளி முழுசாக நம்ப வேண்டும். வண்டி மட்டும் மேடம் நினைத்த இடத்தில் நிற்க வேண்டும். அதுதான் தொழில். பதினைந்து வருஷப் பழக்கத்தில் வீட்டிலும் அந்தக் கால் சும்மா இராது. யாராவது ஏடாகூடமாக எதையாவது செய்யக் கிளம்பினால் மேடத்தின் வலது கால் தானாகத் தரையை அமுக்கும். முத்திரையார் டம்ளரை மேஜை ஓரத்தில் வைத்தால் அமுக்கும். சித்தியின் மகனுக்கு முத்திரையார் அறிவுரை சொல்ல வாயெடுத்தால் நன்றாகவே அமுக்கும்.

இப்போது சண்டைக்கு வருவோம்.

"ஆறரை மணிக்கு ஒரு பேட்ச் ஆரம்பிக்கறாங்களாம்" என்றார் மேடம் ஒருநாள். "எல்லாரும் பொம்பளைங்க. ஆபீஸ் போறதுக்கு முன்னாடி வந்து கத்துக்கணும்னு ஆசைப்படறாங்க. ஸ்கூல்ல என்னைத்தான் கேக்கறாங்க. எனக்கும் ஆசையா இருக்கு. நீங்க காலையில காய் மட்டும் நறுக்கி வச்சுட்டீங்கன்னா, நான் போயிட்டு வந்து அடுப்பைப் பாத்துக்குவேன்."

முத்திரையார் பேப்பரை இறக்கினார். மூக்குக் கண்ணாடியை ஏற்றினார்.

"இந்த வீட்டுல கத்தி தீட்டறது யாரு?"

"நீங்க."

"நறுக்கறது?"

"நான்."

"இதுக்குப் பேருதான் அதிகாரப் பிரிவினை. தீட்டறவனே நறுக்க ஆரம்பிச்சா, நறுக்கறவ தீட்ட ஆரம்பிப்பா. அப்புறம் இந்த வீடு என்னத்துக்கு ஆகும்?"

"காய் வெட்டுப்படும்."

"சட்டம் கெடும்!"

பேப்பர் மறுபடியும் ஏறிவிட்டது. ஒரு வாரத்தில் மூன்று முறை கேட்டார் மேடம். மூன்று முறையும் சட்டம் கெட்டது. நாலாவது முறை அவர் கேட்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தார்.

"என்ன இது?"

"கத்தி உறைங்க."

"கத்திக்கு எதுக்குச் சட்டை? அதுக்கு என்ன குளிரா?"

"வெறும் சட்டை இல்லீங்க. வாய்ப்பக்கம் உள்ளயே தீட்டுற கல்லு இருக்கு. உருவும்போது ஒரு தீட்டு, சொருகும்போது ஒரு தீட்டு. தனியா உக்காந்து தீட்டவே வேண்டாம். பாருங்களேன்."

சிவப்புப் பிடி போட்ட கத்தியை எடுத்து உறைக்குள் சொருகினார்.

சர்ரக்.

உருவினார்.

சர்ரக்.

அந்தச் சத்தம் கத்தியில் எவ்வளவு பட்டதோ தெரியாது. முத்திரையாரின் ஞாயிற்றுக்கிழமையில் நேராகப் பட்டது. அவர் கண்ணெதிரே ஈரத்துணி சுருண்டது, ரேடியோ அணைந்தது, தலையணை கட்டிலுக்குத் திரும்பிப் போனது.

"இனிமே நீங்க ஞாயித்துக்கிழமை கஷ்டப்படவே வேண்டாம்" என்றார் மேடம், தேனாக. "நிம்மதியா ஃபேன் துடைக்கலாம். குழாயைப் பாக்கலாம். சித்திகிட்ட ஆசை தீரப் பேசலாம். பாவம், அவங்களும் எத்தனை வருஷமாக் கேக்கறாங்க."

முத்திரையார் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்தது. விரல் கூரையை நோக்கி உயர்ந்தது.

"இதோ பாரு! நான் இருக்கற வரைக்கும் இந்த வீட்டுக் கத்தி எந்த உறைக்கும் தலை குனியாது!"

"தலை குனிஞ்சாத்தாங்க உள்ளயே போகும்."

"பிளாஸ்டிக் டப்பா! தீட்டுதாம்! என் கல்லுக்கு முன்னாடி இது நிக்குமா? முப்பது நாள்! சோதனை வைக்கறேன். ரெண்டு கத்தி. இந்தச் சிவப்புப் பிடி உன் உறைக்குள்ள இருக்கட்டும். அதோட ஜோடிக் கத்தி, கறுப்புப் பிடி, அது என் கல்லுல. முப்பதாவது நாள் பழுத்த தக்காளி. எது நசுக்காம வெட்டுதோ அதுதான் ஜெயிச்சது. தோத்தது வீட்டை விட்டு வெளிய போகணும். கல்லோ, உறையோ!"

"எதுக்குங்க வீண் வம்பு..."

"பயமா இருக்கா?"

"பயம் இல்ல. ஆனா நான் ரெண்டு கத்தியாலயும் நறுக்கும்போது..."

"நீயா?" முத்திரையார் சிரித்தார். கடைத்தெருவில் போலி எடைக்கல்லைக் கண்டுபிடித்தால் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு. "நீ உன் கத்தியால பூ மாதிரி வெட்டுவே. என் கத்தியைப் போட்டு அறுத்து எடுப்பே. எனக்குத் தெரியாதா? முப்பது வருஷம் வியாபாரிங்களோட பழகினவன் நான். ரெண்டு கத்தியும் ஒரே கையில இருக்கணும். நடுநிலைக் கை. என் கை! முப்பது நாளும் இந்த வீட்டுல ஒரு காய், ஒரு வெங்காயம், எதுவா இருந்தாலும் நான்தான் வெட்டுவேன். சரிபாதியா எடை போட்டு, பாதி இதுல, பாதி அதுல. நீ கத்தியைத் தொடவே கூடாது!"

மேஜைக்கு அடியில் மேடத்தின் வலது காலை இப்போது பார்க்க வேண்டும். முத்திரையார் திரும்பியது எப்பேர்ப்பட்ட வளைவு! எப்பேர்ப்பட்ட வேகம்! ஆனால் அந்தக் கால் பாட்டுக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு, கட்டைவிரலை ஆட்டிக்கொண்டு ஓய்வாக இருந்தது.

"தொடவே கூடாதா?" என்றார் மேடம், மெல்ல.

"தொடவே கூடாது! அலமாரியைப் பூட்டி சாவியை நான் வச்சுக்குவேன்!"

"நீங்க சொன்னா சரிங்க. ஆனா ஜெயிச்ச பிறகு பேச்சை மாத்திட்டீங்கன்னா?"

"நானா? எழுது!"

நோட்டுப் புத்தகத்தில் அவரே எழுதினார். வாய்விட்டுப் படித்துக்கொண்டே, கீழே கோடு போட்டு: "வென்ற முறை, சோதனையில் நடந்தபடியே, மாற்றமின்றி நிரந்தரமாகத் தொடரும்." கையெழுத்து. தேதி. கீழே மேடத்தின் கையெழுத்து, குட்டியாக, அடக்கமாக.

பிறகு ஆய்வாளர் வேலையை ஆரம்பித்தார். சமையலறைத் தராசை எடுத்து வைத்தார். கிராம் சுத்தமாகக் காட்டுகிற தராசு. அவரே சோதித்து, அவரே திருத்தி, உலகத்தில் அவர் நம்புகிற ஒரே பொருளாக வைத்திருப்பது. உறையை அதில் வைத்தார். "உறை, ஒன்று. தொண்ணூற்றிரண்டு கிராம்" என்று நோட்டில் ஏற்றினார்.

"இந்தக் காகிதத்துல என்ன போட்டிருக்கு தெரியுமா?" என்று பெட்டிக்குள் இருந்த தாளை எடுத்தார் மேடம்.

"காகிதம் படிச்சுக் கத்தி தீட்டற பரம்பரை இல்ல நாங்க!" தாள் நாலாக மடிந்து, ஆடுகிற மேஜைக் காலுக்கு அடியில் போனது. அதில் 'கழுவும் முறை' என்று ஒரு படம் இருந்தது. மேடம் ஏற்கெனவே பார்த்துவிட்டார்.

"சரி, கடைச் சரக்கு. எத்தனை கை பட்டதோ. ஒரு தடவை கழுவிட்டுக் குடுத்துடறேன்."

"கழுவு, கழுவு. நல்லாக் கழுவு. நாளைக்குத் தோத்துட்டு அழுக்குதான் காரணம்னு சொல்லக் கூடாது."

மேடம் உள்ளே போய்க் குழாயைத் திறந்தார். கழுவினார். துடைத்தார். கொண்டுவந்து கொடுத்தார்.

"நீங்க உள்ள எதையாவது அடைச்சு வச்சு என் உறையைக் கெடுத்துட்டீங்கன்னா?" என்று ஒரு சந்தேகத்தையும் கொடுத்தார்.

முத்திரையாரின் ரத்தம் கொதித்தது. அவர் மீதே சந்தேகம்! பையைத் துழாவி, தேய்ந்துபோனது என்று ஆபீஸில் கழித்துவிட்ட பழைய குறடு ஒன்றை எடுத்தார். கத்தி நுழைகிற பிளவு உள்ள வாய்மூடியில் ஒரு ஓட்டை, உடம்பில் ஒரு ஓட்டை. இரண்டிலும் கம்பியைக் கோத்து, ஈயக் குண்டை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே அமுக்கு. நறுக்.

"இனிமே இதை நானும் திறக்க முடியாது, நீயும் திறக்க முடியாது. முப்பதாவது நாள்தான் இந்த முத்திரை உடையும்!"

"ரொம்ப சரிங்க" என்றார் மேடம். "நல்லா இறுக்கமா இருக்கில்ல?"

இன்னும் சிரிக்காதீர்கள். சொன்னேனே. பதினெட்டு கிராம் இன்னும் வரவில்லை.

மறுநாள் காலை ஆறே கால். முத்திரையார் அலமாரியைத் திறந்தார். அரைக் கிலோ பீன்ஸை எடை போட்டு இரண்டாகப் பிரித்தார். ஒரு பக்கம் ஒரு பீன்ஸ் கூடியது. அதைப் பாதியாக வெட்டி இரண்டு பக்கமும் போட்டார். நியாயம் என்றால் நியாயம். பிறகு ஆரம்பித்தார். முதல் கால் கிலோ கறுப்புப் பிடி. அடுத்த கால் கிலோ சிவப்புப் பிடி. முடிந்ததும் சிவப்புப் பிடியை உறைக்குள் சொருகினார்.

சத்தமே வரவில்லை.

உருவினார். சொருகினார். ஒரு 'சர்' கூட இல்லை, ஒரு 'ரக்' கூட இல்லை. வெண்ணெயில் போவது போல வழுக்கிக்கொண்டு போனது.

"ஹா!" என்று கத்தினார். "முதல் நாளே தொண்டை கட்டிக்கிச்சு! புதுசுல மட்டும் என்னமாக் கூவிச்சு! எல்லாப் புது மெஷினும் இப்படித்தான்!"

"அய்யய்யோ" என்றார் மேடம், கன்னத்தில் கை வைத்து. "ரிப்பேர் ஆயிடுச்சா? சோதனையை நிறுத்திடலாமாங்க?"

"நிறுத்தறதா? முத்திரை குத்தியாச்சு!"

திங்கட்கிழமை காலை மேடம் பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கேரட் உருளுவதைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். முத்திரையாருக்குப் பொறுக்கவில்லை.

"நீ ஏன் இங்க நிக்கறே? சோதனை நடக்கற எடத்துல எதிர்க்கட்சி நிக்கக் கூடாது. நீ பெருமூச்சு விட்டா என் கை நடுங்கும். போ. வெளிய எங்கயாவது போ."

"வெளியவா? எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி நேரம்! சோதனை முடியற வரைக்கும் தலையைக் காட்டக் கூடாது. தினமும்!"

"உங்க இஷ்டங்க" என்ற மேடம் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஷூவை மாட்டிக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் தெருவில் ஒரு கார் உறுமியது, விக்கியது, நின்றது, மறுபடி உறுமியது. முத்திரையார் கேட்டார். ஆய்வாளர் காதல்லவா? உடனே முடிவுக்கு வந்தார்: தோல்வி பயம். பாவம், மனசு தாங்காமல் காற்று வாங்கப் போகிறாள்.

அன்றிலிருந்து ஞாயிறு தவிர தினமும் ஆறே காலுக்குக் கத்தி இறங்கும். ஆறரைக்குக் கார் உறுமும். ஏழரைக்கு மேடம் திரும்பி வரும்போது காய் தட்டு தட்டாகக் காத்திருக்கும். ஒவ்வொரு தட்டின் மேலும் ஒரு துண்டுச் சீட்டு: 'கறுப்பு, 250.' 'சிவப்பு, 250.' மேடம் இரண்டு தட்டையும் ஒரே சட்டியில் கொட்டுவார்.

ஆபீஸில் முத்திரையார் வீரத்தை விவரித்தார். எழுத்தர் வாயைப் பிளந்தபடி கேட்டார்.

"அப்போ சார், வீட்டுல தினமும் காய் நறுக்கறது நீங்கதானா?"

"நறுக்கலப்பா. சோதிக்கறேன்."

"என் வீட்டுக்காரரும் ஒருநாளாவது சோதிச்சா நல்லா இருக்கும்" என்றார் எழுத்தர், டைப் அடித்துக்கொண்டே.

பத்தாவது நாள் எதிர் வீட்டு டெய்லரக்கா வந்தார். அறுபது வயசு, கழுத்தில் அளவு நாடா, இடுப்பில் ஒரு முழுப் பூசணிக்காய்.

"தம்பி, ஊரெல்லாம் உங்க சோதனைதான் பேச்சு. ஆனா எனக்கு ஒரு சந்தேகம்."

"கேளுங்க அக்கா."

"பீன்ஸ வெட்டினா கத்தி எப்படி மழுங்கும்? பீன்ஸு என்ன பாறையா? நாளைக்கு நீங்களே ஜெயிச்சாலும், 'ஆமா, பீன்ஸுலதானே'ன்னு நாலு பேரு சொல்லுவான். இந்தா, முத்தின பூசணி. சுத்தியலுக்கே பயப்படாதது. இதை வெட்டட்டும், அப்ப ஒத்துக்கறேன்."

முத்திரையாருக்கு அது நியாயமாகப்பட்டது. பூசணியோடு முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டினார். பூசணி முதலில் முறைத்தது, பிறகு வழுக்கியது, ஒருமுறை பலகையை விட்டு இறங்கி வாசல் வரைக்கும் போனது. கடைசியில் பாதி கறுப்பு, பாதி சிவப்பு, எல்லாம் தாயக்கட்டை அளவில் துண்டு துண்டாக. டெய்லரக்கா முழுவதையும் பாத்திரத்தில் அள்ளிக்கொண்டார்.

"முடிவு என்ன அக்கா?"

"யோசிச்சுச் சொல்றேன் தம்பி. நாளைக்கு பீட்ரூட் கொண்டாறேன்."

கொண்டுவந்தார். அதற்கு மறுநாள் முட்டைகோஸ் கொண்டுவந்தார். யோசனை மட்டும் முடியவே இல்லை.

"ஆமா அக்கா," என்று ஒருநாள் கேட்டார் முத்திரையார், "காலையில உங்களையும் வீட்டுல காணோமே? கதவு பூட்டிக் கிடக்குது."

"நானா? உங்க சம்சாரத்துக்குத் துணையாப் போறேன் தம்பி. அவளுக்கு மனசு சரியில்லல்ல?"

"பாவம்" என்றார் முத்திரையார், மனம் இளகி. "தோக்கப் போறோம்னு தெரிஞ்சா யாருக்குத்தான் இருக்கும்?"

இருபத்தொன்றாவது நாள்தான் சோதனை. அவருக்கு. கட்டைவிரலில் பிளாஸ்திரி. நடு முதுகில் பிடிப்பு. எதிரே ஒரு கிலோ சின்ன வெங்காயம், ஒவ்வொன்றும் கோலிக்குண்டு அளவு. கத்தியை எடுத்தார். வைத்தார். எடுத்தார். 'எதுக்கு இந்த வம்பு' என்று ஒரு நினைப்பு மெல்லத் தலையை நீட்டியது. முத்திரையார் வாழ்க்கையிலேயே முதல் தடவையாகச் சரியான பக்கம் திரும்பப் போனார்.

ஷூ மாட்டிக்கொண்டிருந்த மேடம் அதைக் கவனித்துவிட்டார். பதினைந்து வருஷம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர். எதிராளி எப்போது வண்டியை நிறுத்தப் பார்க்கிறான் என்று முதுகைப் பார்த்தே சொல்லுவார்.

"விட்டுடுங்க" என்றார், உருகி உருகி. "வயசாகுதில்ல? முடியலன்னா முடியலன்னு சொல்றதுல என்ன வெக்கம்? உறைதான் ஜெயிச்சுதுன்னு எழுதிடுங்க. நானே நறுக்கிக்கறேன்."

பிடிப்பு முதுகை விட்டு ஓடியது.

"யாருக்கு முடியல? எனக்கா? உறை ஜெயிச்சுதா? ஒரு கிலோ போதாது! இன்னும் இருக்கா? எடு! எல்லாத்தையும் எடு!"

ஒன்றரைக் கிலோ உரித்தார், நறுக்கினார். கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. பாதி வெங்காயம், பாதி வீரம். எடை போட்டிருந்தால் சரிபாதியாகவே இருந்திருக்கும். வெளியே கார் உறுமியது. அன்றைக்கு அது விக்கவே இல்லை.

முப்பதாவது நாள், ஞாயிற்றுக்கிழமை. காலை பத்தரை. கறுப்புப் பிடி அப்போதுதான் கல்லிலிருந்து எழுந்து வந்திருந்தது, புது மாப்பிள்ளை மாதிரி. மேஜையைச் சுற்றி மூன்று பேர்: முத்திரையார், மேடம், சாட்சியாக டெய்லரக்கா. நடுவில் நன்றாகப் பழுத்த இரண்டு தக்காளி, தராசு, நோட்டு.

முதலில் சிவப்பு. முத்திரையார் கத்தியைத் தக்காளியின் மேல் வைத்து இழுத்தார். தக்காளி பள்ளமானது. இன்னும் இழுத்தார். பள்ளம் குழியானது. பிறகு தக்காளி பொறுமை இழந்து ஒரு பக்கமாக வெடித்து, உள்ளே இருந்ததையெல்லாம் டெய்லரக்காவின் மூக்குக் கண்ணாடியில் கொட்டியது.

அடுத்தது கறுப்பு. வைத்தார். அவ்வளவுதான். வெட்டுப்பட்டது தக்காளிக்கே தெரியவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு இரண்டாகச் சாய்ந்தது.

"ஆஹா!" முத்திரையார் நாற்காலி மேலேயே ஏறிவிட்டார். "பாத்தியா! பாத்தீங்களா அக்கா! யாரு ஜெயிச்சது?"

"நீங்கதாங்க" என்றார் மேடம், தலையைக் குனிந்து.

"சத்தமா!"

"நீங்கதான் ஜெயிச்சீங்க! உங்க கல்லை அடிச்சுக்க ஆளே இல்லைங்க! ஒப்பந்தத்தைப் படிங்க, காதாரக் கேக்கறேன்."

முத்திரையார் நோட்டைப் பிரித்தார். தொண்டையைச் செருமினார். "வென்ற முறை..."

"சோதனையில் நடந்தபடியே" என்றார் டெய்லரக்கா, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

"மாற்றமின்றி" என்றார் மேடம்.

"நிரந்தரமாகத் தொடரும்!" என்று முடித்தார் முத்திரையார், முஷ்டியை உயர்த்தி. "இனிமே இந்த வீட்டுல என் ஞாயித்துக்கிழமை மேல எவனும் கை வைக்க முடியாது! உறையைக் கொண்டா. வெளியேத்தறதுக்கு முன்னாடி பதிவு பண்ணணும்."

முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குத்தியது குத்தியபடி இருந்தது. குறட்டால் கம்பியை வெட்டினார். உறையைத் தராசில் வைத்தார்.

எழுபத்து நாலு.

எடுத்தார். ஊதினார். வைத்தார். எழுபத்து நாலு. நோட்டின் முதல் பக்கத்தைப் புரட்டினார். தொண்ணூற்றிரண்டு.

"பதினெட்டு கிராம்!" என்று மேஜையைத் தட்டினார். "முப்பதே நாள்ல பதினெட்டு கிராம் தேஞ்சு போச்சு! இதைப் போய்க் கத்திக்குப் போட்டியே! மட்டமான சரக்கு! என் கல்லு இருபத்திரண்டு வருஷமா இருக்கு, அசைஞ்சிருக்குமா?"

மேடம் கைப்பையைத் திறந்தார். கார் சாவி, விசில், சீப்பு, இவற்றுக்கு அடியிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய ஒன்றை எடுத்தார். தீப்பெட்டி அளவுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டை, நடுவில் ஒரு பிளவு, பிளவின் இரண்டு பக்கமும் இரண்டு குட்டிக் கற்கள். அதை மெதுவாகத் தராசில், உறைக்குப் பக்கத்தில் வைத்தார்.

தொண்ணூற்றிரண்டு.

முத்திரையார் தராசைப் பார்த்தார். அது பொய் சொல்லாது. அவரே திருத்திய தராசு.

"இது..."

"தீட்டுற கல்லுங்க. அன்னிக்குக் கழுவும்போது கழட்டி வச்சேன். எப்படிக் கழட்டறதுன்னு காகிதத்துல படமே போட்டிருந்தாங்க. மேஜைக் காலுக்கு அடியில இருக்கு, வேணும்னா பாருங்க."

"அப்போ... நான் முத்திரை குத்தினது..."

"காலி டப்பாவுக்குத் தம்பி" என்றார் டெய்லரக்கா. "ஆனா குத்து நல்ல குத்து."

"ஏன்? ஏன் கழட்டினே? அது உள்ள இருந்திருந்தா நீயே ஜெயிச்சிருக்கலாமே!"

"நான் ஜெயிச்சு என்னங்க பண்றது?" மேடம் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "நான் ஜெயிச்சா உங்க ஞாயித்துக்கிழமை போயிடும். நீங்க மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவீங்க. எனக்கு எதுக்கு உங்க ஞாயித்துக்கிழமை? அது உங்களுக்கே இருக்கட்டும். தலையணையோட. எனக்கு மத்த ஆறு நாள் காலையிலதான் பேட்ச். ஒன்பது பேரு."

"பத்து" என்றார் டெய்லரக்கா. "நான் ரிவர்ஸே எடுக்கறேன் தம்பி."

உறுமல். விக்கல். ஷூ. பூசணி. பீட்ரூட். 'சோதனையில் நடந்தபடியே.' 'மாற்றமின்றி.' தன் கையெழுத்து, அதன் கீழே கோடு. முத்திரையார் நாற்காலியிலிருந்து ஒவ்வொரு காலாக இறங்கினார். குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார். காகிதம் நாலாக மடிந்து அங்கேயே இருந்தது. அதற்குப் பக்கத்தில் மேடத்தின் வலது கால், செருப்பில்லாமல், கட்டைவிரலை ஆட்டிக்கொண்டு.

மேஜைக்கு அடியிலிருந்தே கேட்டார்:

"அப்போ இந்த முப்பது நாளும் வண்டியை ஓட்டினது..."

"நீங்கதாங்க ஓட்டினீங்க" என்றார் மேடம். "நான் ஒரு தடவைகூட பிரேக்கே போடலையே."